யாழ்ப்பாணத்தில் உளநோய்ச் சிகிச்சை: மருந்து, மொழி, உறவு – ஒரு வரலாற்று நோக்கு

1. நோக்கம்

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதியோர் அரசரையும் ஆலயங்களையும் பாடசாலைகளையும் அச்சகங்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். நிலவுடைமை, சாதியமைப்பு, அரசியல் இயக்கங்கள் என்பனவும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின் இச்சமூகம் தன்னிடையே மனம் பேதலித்தோரை எங்கே வைத்தது, அவர்களுக்கு எத்தகைய சிகிச்சை அளித்தது, அச்சிகிச்சையின் சுமையை யார் தாங்கினர் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரின் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. இவற்றை வைத்தியர்களுக்கு மட்டும் உரியனவென்று விட்டுவிடுதல் பொருத்தமன்று. நோய் தனிமனிதரைப் பற்றியதாயினும் சிகிச்சை ஒரு சமூக நிறுவனமாகும். அதற்குப் பொருளாதார அடிப்படை உண்டு, சட்டம் உண்டு, மொழி உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உளநோய்ப் பராமரிப்பு அடைந்த மாற்றங்களை இக்கட்டுரையிலே நோக்குவோம். அம்மாற்றங்களை விளங்கிக்கொள்வதற்கு மூன்று அளவுகோல்களை நாம் கைக்கொள்ளலாம். நோயாளிக்குப் பயன்தரும் மருந்து கிடைத்ததா? அவரது துன்பத்தை அவரது மொழியிற் கேட்பார் இருந்தனரா? அவர் உறவினர் நடுவே வாழ முடிந்ததா? மருந்தா, பேச்சா எது சிறந்தது என்ற வாதம் மேலைநாடுகளில் நெடுங்காலம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து வரலாறு அவ்வாதத்தையே வேறொரு கோணத்திலிருந்து காண வைக்கின்றது. இம்மூன்றும் ஒருங்கே கிடைத்த காலம் இங்கு அரிது என்பதும், ஒன்று கிடைத்த போதெல்லாம் மற்றொன்று பறிபோயிற்று என்பதும், அதன் விலையை நோயாளியும் அவரைப் பராமரித்தோருமே கொடுத்தனர் என்பதும் எமது கருத்தாகும்.

2. சொற்களும் மனப்பாங்கும்

ஒரு சமூகம் நோயை எவ்வாறு கருதிற்று என்பதற்கு அதன் வழக்குச் சொற்கள் சான்றாகும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'விசர்' என்னும் சொல் சித்தப்பிரமையைக் குறிக்கும், கோபத்தையும் குறிக்கும், செல்லமாகக் கடிந்துகொள்ளுதற்கும் பயன்படும். 'மூளைக் குழப்பம்', 'தலை சரியில்லை' என்பன நோயை உடலோடு சார்த்துவன. 'பேய் பிடித்தது', 'செய்வினை', 'கண்ணூறு' என்பன நோயின் காரணத்தை வெளியே வைப்பன. காரணம் வெளியே இருக்குமாயின் பழி நோயாளிமீது விழாது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்திலே 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. கொழும்புக்கு அருகிலுள்ள அவ்வூரில் அமைந்த அரசினர் மனநோய் வைத்தியசாலையே இதற்குக் காரணமாகும்.

இம்மனப்பாங்கு ஒருதன்மைத்தானதன்று. நல்லூர்த் தேரடியில் உலாவிய செல்லப்பா சுவாமிகளை ஊரவர் பலர் விசரர் என்றே எண்ணினர். 1915 இல் அவர் மறைந்த பின் அவரது சீடரான யோக சுவாமிகள் 1964 வரை கொழும்புத்துறையில் வாழ்ந்து, படித்தவரும் பாமரரும் நாடிவரும் ஞானியாகப் போற்றப்பட்டார். தெருவில் தனக்குள்ளே பேசித்திரிபவரிடம் தெய்வத்தன்மை இருக்கக்கூடும் என்ற எண்ணம் இச்சமூகத்தில் இருந்தது. ஆயினும் அவ்வெண்ணம் எல்லோருக்கும் பாதுகாப்பளிக்கவில்லை. கலியாணத்துக்குக் காத்திருக்கும் தங்கையை உடைய குடும்பத்தில் அண்ணன் நோயுற்றால் அவன் பின்னறையில் மறைக்கப்பட்டான். சீதனமும் குலப்பெருமையும் திருமணத்தைத் தீர்மானிக்கும் சமூகத்தில் உளநோய் குடும்பச் சொத்துக்கு நேர்ந்த ஆபத்தாகவே கருதப்பட்டது. எனவே மறைத்தல் என்பது வெறும் அறியாமையன்று; அதற்குத் திட்டவட்டமான பொருளியற் காரணம் இருந்தது.

3. பரியாரியாரும் கோயிலும்

யாழ்ப்பாண மன்னர் காலத்தோடு தொடர்புறுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் ஏடுகளாகப் பரம்பரை வைத்தியரிடையே வழங்கின. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றை அச்சேற்றினார். தமிழ் மருத்துவ மரபு உளநோயை வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நிலைகுலைவாகவே விளக்கிற்று. அகத்தியர் பெயரால் வழங்கும் நூல் 'கிரிகை' என்ற பெயரில் உளநோயைப் பதினெட்டு வகையாகப் பிரித்துரைக்கின்றது. தலைக்கு எண்ணெய் வைத்தல், நசியம், பேதி, பத்தியம் என்பன சிகிச்சை முறைகள். அணங்கு, பேய் என்ற விளக்கங்களுக்கு அருகிலேயே உடலியல் விளக்கமொன்றும் இச்சமூகத்தில் நிலவிற்று என்பதற்கு இவை சான்று.

இந்திய மரபு மருத்துவம் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாதென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேர் சித்தப்பிரமைக்கும் குருதி அழுத்தத்துக்கும் பயன்படுவதை 1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இந்திய மருத்துவர் எழுதினர். 1952 இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1954 அளவில் அமெரிக்க மனநோய் வைத்தியசாலைகளில் அது பயன்படலாயிற்று. ஆயினும் கடும் உளச்சிதைவு நோய்க்கு ஊர்ப் பரியாரியாரிடம் உறுதியான மருந்து இருந்ததெனக் கூறுவதற்கில்லை.

மருந்து தோற்றவிடத்து மக்கள் சாத்திரியாரையும் மந்திரவாதியையும் கோயிலையும் நாடினர். திருநீறு போடுதல், பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல் என்பன வழக்கிலிருந்தன. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி போன்ற தலங்களில் நோயாளர் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கினர். அங்கே அன்னதானம் இருந்தது, நாளாந்த ஒழுங்கு இருந்தது, விரட்டுவார் இல்லை. இத்தகைய சூழலின் பயனை அளந்தறிய முயன்ற ஆய்வொன்று தமிழ்நாட்டிலே நிகழ்ந்தது. அங்கு ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கிய முப்பத்தொரு நோயாளரை ஆராய்ந்த இந்திய உளமருத்துவர், மருந்தோ சிறப்புச் சடங்கோ இன்றியே நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்ததை 2002 இல் வெளியிட்டனர். பரிவோடு இடமளிக்கும் சூழலே சிகிச்சையின் ஒரு கூறு என்பது இதனாற் புலனாகும்.

இம்மரபைப் போற்றுவோர் இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 2001 ஓகஸ்ட் 6 ஆந் திகதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் இருபத்தெட்டுப் பேர் தப்பியோட முடியாது மாண்டனர். சங்கிலி ஏர்வாடிக்கு மட்டும் உரியதன்று. நமது ஊர்களிலும் வேப்பமரத்தடியிலும் பின்கோடியிலும் கட்டிவைக்கப்பட்டோர் இருந்தனர். பேயோட்டுதல் என்ற பெயரில் அடியும் மிளகாய்ப் புகையும் கொடுக்கப்பட்டதுண்டு. மரபு உறவையும் மொழியையும் காத்தது. ஆனால் வெறியடங்காத நோயாளிமுன் அதனிடம் எஞ்சியது கயிறு ஒன்றே.

4. இருவகைப் பாதைகள்: மானிப்பாயும் கொழும்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு நிகழ்ச்சிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் நேர்ந்தன. 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயைத் தளமாகக் கொண்டு உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தலானார். இரணவைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. ஊர்ப்புறத்திலே வாழ்ந்து, ஊரவர் மொழியிற் பேசி, ஊரவருக்கு வைத்தியஞ் செய்வோரை உருவாக்குவதே அவரது நோக்கமாகும். மதமாற்றக் குறிக்கோள் அதனோடு இணைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மருத்துவ அறிவு தாய்மொழிவழி நோயாளியை நெருங்க வேண்டும் என்ற கொள்கையின் வரலாற்று முக்கியத்துவம் அதனாற் குன்றுவதன்று.

மற்றைய நிகழ்ச்சி கொழும்பிலே நேர்ந்தது. 1840களில் ஆங்கிலேய அரசு பொறளையில் சித்தப்பிரமையாளருக்கான காப்பகமொன்றை அமைத்தது. 1873 ஆம் ஆண்டின் சட்டம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவரென நீதிமன்றம் தீர்மானித்து அடைத்துவைக்கும் முறையை வகுத்தது. நோயாளி நீதிபதிமுன் நிறுத்தப்பட்டார், பொலிசார் கூட்டிச்சென்றனர். நோய் ஒரு குற்றவழக்கின் கோலத்தைப் பெற்றது. குடியேற்றநாட்டு ஆட்சிக்குச் சிகிச்சையைவிடப் பொது ஒழுங்கே முதன்மையானதாய் இருந்தது என்பதை இது காட்டும். 1905 இல் காங்கேசன்துறைவரை புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் கொழும்புப் பயணம் எளிதாயிற்று. 1920களின் பிற்பகுதியில் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டது.

குடாநாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அங்கொடைக்கு ஒருவரை அனுப்புதல் என்பது பல குடும்பங்களுக்கு அவரை இழத்தலாகவே முடிந்தது. வாரந்தோறும் சென்று பார்க்கும் வசதி கமக்காரனுக்கோ கூலித் தொழிலாளிக்கோ இல்லை. பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும் வழங்கிய விடுதியிலே தமிழ் மட்டும் அறிந்த நோயாளியின் நிலை எத்தகையது என்பதை ஊகித்தல் கடினமன்று. தன் காதில் ஒலிக்கும் குரல் என்ன சொல்கிறது என்பதை நோயாளி எடுத்துரைத்தாலன்றி உளநோயை அறிதல் இயலாது. நாடி பிடித்தும் குருதி எடுத்தும் மட்டும் காணத்தக்க நோயன்று இது. எனவே மொழிப் பிரச்சினை இங்கு மரியாதையைப் பற்றியது மட்டுமன்று; நோயறிதலையே பற்றியது.

1930களின் பிற்பகுதியில் இலண்டனிலிருந்து வந்த உளமருத்துவர் எட்வேட் மப்போதர் அங்கொடையின் நெருக்கடியை ஆராய்ந்து அறிக்கையளித்தார். 1939 இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவு தொடங்கிற்று. 1956 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் நோயாளர் தாமே விரும்பி அனுமதி பெறுவதற்கு இடமளித்தது. ஆயின் 1873 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம் இருபத்தோராம் நூற்றாண்டிலும் நீடித்தது. மானிப்பாயிற் கிறீன் தொடக்கிய பாதையும் நெடுங்காலம் தொடரவில்லை. 1870 இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆங்கிலவழிக் கல்வியே அரசாங்க உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. நோயாளியை அணுகும் பாதை ஒடுங்க, நோயாளியை அகற்றும் பாதையே அகன்றது.

5. மருந்துகளின் வருகை

1938 இல் உரோமில் செர்லெற்றி, பினி ஆகியோர் மின்னதிர்வுச் சிகிச்சையை முதன்முதற் கையாண்டனர். ஆனால் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியவை 1949 தொடக்கம் வந்த மருந்துகளே. அவ்வாண்டில் அவுஸ்திரேலியாவில் யோன் கேட், அதியுற்சாகப் பித்துக்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டார். 1952 இல் பாரிஸ் நகரின் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசினைக் கொண்டு கடும் நோயாளரை அமைதிபெறச் செய்தனர். 1957 இல் றோலண்ட் கூன் மனச்சோர்வுக்கு இமிப்பிரமின் உதவுவதை அறிவித்தார். மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் முதலிய இரசாயனங்களின் செயலை இம்மருந்துகள் மாற்றுகின்றன என்பது 1960களிலிருந்து தெளிவாகத் தொடங்கிற்று.

இம்மருந்துகள் நோயை வேரறுப்பவை அல்ல. குரல்களையும் சந்தேகங்களையும் தணிப்பவை. நிறுத்தினால் நோய் மீளுதல் பெரும்பான்மை. கைந்நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்கமுடியாத அந்தரம், உடற்பருமன் என்பன பக்கவிளைவுகள். லித்தியத்துக்கு அடிக்கடி குருதிப் பரிசோதனை வேண்டும். ஆயினும் வரலாற்று நோக்கில் முதன்மையான உண்மை ஒன்றுண்டு: சங்கிலியின் தேவையை முதன்முதலாகக் குறைத்தது குளிசையே. நாளும் குளிசை விழுங்க மறுப்போருக்கு இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசிமருந்து வந்தபின், சைக்கிளிற் சென்று ஊசி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புதல் இயல்வதாயிற்று.

மருந்து கண்டுபிடிக்கப்படுதல் வேறு; ஏழை நோயாளியின் கைக்கு வந்துசேர்தல் வேறு. இலங்கையில் இலவச வைத்தியசேவை இருந்தமையும், பேராசிரியர் சேனக்க பிபிலேயின் கொள்கைவழி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தமையும் இங்கு குறிப்பிடத்தக்கன. வணிகப் பெயருக்குக் கொடுக்கும் விலையைத் தவிர்த்து, மருந்தின் இரசாயனப் பெயராலே கொள்வனவு செய்யும் அக்கொள்கை, ஆயுள் முழுவதும் மருந்து தேவைப்படும் உளநோயாளருக்கே பெரிதும் பயன்படத்தக்கதாகும்.

யாழ்ப்பாணத்திலேயே உளமருத்துவ சேவை வேரூன்றியதன் பொருளை இப்பின்னணியில் விளங்கலாம். தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும், 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் அங்கொடைக்கான பயணத்தைப் பலருக்கு அவசியமற்றதாக்கின. நோயாளியோடு உறவினர் ஒருவர் விடுதியில் நிற்றல் நமது வைத்தியசாலைகளிற் பழகிய வழக்கமாகும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1957 இல் தொடங்கிய உளநல நிலையம் குடும்பத்தவரை நோயாளியோடு தங்கவைத்தலையே சிகிச்சை நெறியாக்கிப் புகழ்பெற்றது. இலங்கை நோயாளரை ஐந்தாண்டு தொடர்ந்து அவதானித்த நான்சி வக்ஸ்லர், கைத்தொழில் வளர்ந்த நாடுகளைவிட இங்கு உளச்சிதைவு நோயாளர் நன்கு தேறினர் என 1979 இல் எழுதினார். உறவும் மருந்தும் இணையும்போது விளைவது யாதென்பதை இவை காட்டுவன.

6. போரும் உளமும்

இவ்விணைப்பு நிலைபெறுமுன் போர் மூண்டது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆந் திகதிகளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுள்ளே நோயாளரையும் வைத்தியரையும் ஊழியரையும் சுட்டுக்கொன்றனர். 1989 செப்ரெம்பர் 21 ஆந் திகதி மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத்தலைவர் ராஜினி திராணகம கொலைசெய்யப்பட்டார். 1990 இல் தெல்லிப்பழையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு பெரும் இடப்பெயர்வைக் கண்டது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. பொருளாதாரத் தடையும் பாதைத் தடையும் நிலவிய இக்காலத்தில் ஒருநாளும் தவறாது மருந்துண்ண வேண்டியவரின் நிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். மருந்து இருந்தால் வைத்தியர் இல்லை. இருவரும் இருந்தால் வீடு இல்லை.

இக்காலம் முழுவதும் வடபகுதியில் உளமருத்துவப் பணியை முன்னெடுத்தோருள் முதன்மையானவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். முறிந்த பனை நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான அவர், தமது மருத்துவ அனுபவங்களை 1998 இல் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். 'மனவடு' என்னும் தமிழ் நூலும், சா. சிவயோகனுடன் இணைந்து தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம் பற்றி எழுதிய நூலும் இத்துறையின் தமிழ்ச் சொல்வளத்தைப் பெருக்கின. நெருக்கீடு, மனவடு, உளவளத்துணை, சீர்மியம் என்னும் சொற்கள் மருத்துவரிடமிருந்து ஆசிரியருக்கும் கிராமத் தொண்டருக்கும் சென்றன. மானிப்பாயில் ஒரு நூற்றாண்டுக்கு முன் தொடங்கி இடையறுந்த முயற்சியின் தொடர்ச்சியாக இதனை நாம் காணலாம்.

போரினாற் பாதிக்கப்பட்டோர் தம் துன்பத்தைத் துக்கமென்று சொல்லி வைத்தியரிடம் வரவில்லை. தலையிடி, நெஞ்சுப் பதைப்பு, உடல் உளைவு, நித்திரையின்மை என்றே வந்தனர். அத்தகையோருக்கு நித்திரைக் குளிசை எழுதிக்கொடுத்தல் எளிது. 1963 இல் சந்தைக்கு வந்த டயசெப்பாம் உலகெங்கும் இதற்கே பெருமளவிற் பயன்பட்டது. ஆனால் அதற்கு உடல் பழகிப்போகும். துன்பத்தின் காரணம் அப்படியே இருக்கும். எனவே மருந்தல்லாச் சிகிச்சைகள் இன்றியமையாதன ஆயின. மேலைநாட்டிலே யேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியும் வோல்ப்பே, பெக் ஆகியோர் வளர்த்த நடத்தை, சிந்தனைச் சிகிச்சைகளும் அறியப்பட்டிருந்தன. அவற்றை அப்படியே கொணராமல், இந்துக்களுக்குச் சாந்தியாசனம், மூச்சுப்பயிற்சி, மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என அவரவர் பழக்கத்திலிருந்தே சாந்த வழிகளை எடுத்தாண்டமை யாழ்ப்பாண உளமருத்துவத்தின் தனிப்பண்பாகும். 1987 இல் தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றியது. பாடசாலைகளிற் சித்திரமும் விளையாட்டும் சிறுவருக்கு வழிகளாயின. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போரின் மனவடுவை அரங்குக்குக் கொணர்ந்தது.

இப்பணியில் மிகக் கடினமானது காணாமற்போனோர் குடும்பங்களுக்கு உதவுதலாகும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் ஒப்பாரி உண்டு. எட்டுச் செலவு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு. துக்கம் இவ்வாறு படிப்படியாக ஆற்றப்படும். இவையாவும் சமூகமே நடத்தும் சிகிச்சைகள் எனலாம். உடலும் இல்லை, உறுதியான செய்தியும் இல்லை என்னும்போது தாய் அந்தியேட்டி செய்ய முடியாது; மனைவி பொட்டை அழிக்கவும் முடியாது, வைக்கவும் கூசுவாள். இங்கே மருந்து நித்திரையைத் தரலாம். உளவளத்துணையாளர் அருகிருந்து கேட்கலாம். ஆனால் 'என் பிள்ளைக்கு என்ன நடந்தது?' என்ற வினாவுக்கு மருந்தகத்தில் விடையில்லை. அவ்வினா அரசை நோக்கியது.

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. அதன்படி, ஆய்வுக்குட்பட்டோருள் 7.0 வீதத்தினரிடம் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோயின் குறிகளும், 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் குறிகளும், 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் குறிகளும் காணப்பட்டன. அப்பொழுதும் இடம்பெயர்ந்திருந்தோரிடையே இவ்வீதங்கள் முறையே 13.3, 48.5, 41.8 ஆக இருந்தன. அனுபவித்த கொடுமைகளைப் போலவே வீடு திரும்ப முடியாமையும் நோயோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது.

7. எஞ்சிய வினாக்கள்

2004 டிசெம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் உளசமூகப் பணி என்ற பெயரில் வெளிநாட்டு நிறுவனங்கள் பல இலங்கைக்கு வந்தன. 2005 இல் அரசு புதிய உளநலக் கொள்கையை ஏற்றது; மாவட்டந்தோறும் உளநல சேவையைப் பரவலாக்குதல் அதன் நோக்கம். இவற்றால் விளைந்த நன்மையை மறுக்கமுடியாது. ஆயினும் சில வாரப் பயிற்சியோடு உருவாக்கப்பட்ட உளவளத்துணையாளர், திட்டநிதி முடிய வேலையிழந்து போயினர். நாட்பட்ட உளச்சிதைவு நோயாளியோ நன்கொடையாளரின் கவனத்தைப் பெறவில்லை. மனவடு கவர்ச்சியுள்ள சொல்லாயிற்று. 'விசர்' பழைய இடத்திலேயே நின்றது.

இன்னொன்றும் ஆராயத்தக்கது. உறவுப் பராமரிப்பு எனப் பொதுவாகச் சொல்லும்போது அப்பராமரிப்பைச் செய்பவர் யார் என்ற வினா மறைந்துவிடுகின்றது. பெரும்பாலும் அவர் தாய், மனைவி, மணமாகாத சகோதரி. மருந்தைக் கவனித்துக் கொடுப்பவரும், இரவில் விழித்திருப்பவரும், ஊரவர் ஏச்சைக் கேட்பவரும் அவரே. போர் ஆண்களைக் கொன்று, இளையோரைப் புலம்பெயரச் செய்தபின், எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனைப் பார்க்கும் வீடுகள் குடாநாட்டில் பலவுள. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மருந்து வாங்க உதவும், அருகிருக்க உதவாது. நோயாளியை ஓயாது குறைகூறும் வீட்டில் நோய் விரைவில் மீள்கிறது என்பதை 1960கள், 1970களில் இலண்டனில் நிகழ்ந்த ஆய்வுகள் நிறுவின. களைத்துப்போன தாயிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்த்தல் நியாயமன்று. குடும்பத்துக்கு நோயை விளக்குதலும், பகற்பொழுதில் நோயாளி சென்று தொழில்பயில இடமளித்தலும், தாயின் காலத்துக்குப்பின் அவருக்கு வசிப்பிடம் காணலும் சிகிச்சையின் பகுதிகளாகவே கொள்ளப்படல் வேண்டும்.

சமூகக் கொள்கையே சிகிச்சையாகும் என்பதற்குத் தற்கொலை பற்றிய வரலாறு தக்க சான்றாகும். யாழ்ப்பாணத்தில் தற்கொலையின் அதிகரிப்பை த. கணேஸ்வரனும் அவரோடு இணைந்த மருத்துவரும் 1984 இல் ஆராய்ந்து எழுதினர். 1995 அளவில் இலங்கையின் வீதம் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தை எட்டியது. கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் 2005 ஆம் ஆண்டளவில் அது ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998 இல் நீக்கப்பட்டது. இவை எந்த மருந்தாலும் ஆலோசனையாலும் மட்டும் விளைந்தவை அல்ல. சட்டத்தாலும் வணிகக் கட்டுப்பாட்டாலும் காக்கப்பட்ட உயிர்கள்.

8. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துரைப்போம். மரபுவழிச் சமூகம் நோயாளிக்கு மொழியையும் உறவையும் அளித்தது. வலிய மருந்து அதனிடம் இல்லாமையாற் கயிற்றை நாடிற்று. குடியேற்றநாட்டு ஆட்சி கயிற்றை எடுத்து மதிலைக் கட்டியது. அம்மதிலுக்குள்ளே மொழியும் உறவும் இல்லை. 1950களின் மருந்துகள் மதிலைத் தேவையற்றதாக்கும் வாய்ப்பைத் தந்தன. இலவச வைத்தியமும் உள்ளூர் மருத்துவ பீடமும் அவ்வாய்ப்பை யாழ்ப்பாணத்துக்குக் கொணர்ந்தன. போர் வீட்டையே அழித்தது. அவ்வழிவின் நடுவே தமிழ்மொழிவழி உளவளத்துணை என்னும் புதிய மரபு பிறந்தது.

ஆகவே மருந்தா, பேச்சா என்னும் வினா நமக்குப் பொருந்தாதது. குரல்கள் கேட்கும் இளைஞனுக்கு மருந்தின்றிப் பேச்சுச் சென்று சேராது. காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்குப் பேச்சும் நீதியுமின்றி மருந்து பயன்படாது. உளநோயுற்ற ஒருவர் சிகிச்சைக்காக எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது, போன இடத்தில் அவர் எந்த மொழியிற் பேசலாம், திரும்பி வரும்போது அவருக்கு வீடு இருக்கிறதா என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்களாகும். இவற்றுக்கான விடையை வைத்தியர் மட்டும் தரவியலாது. சட்டம் இயற்றுவோரும், பாடத்திட்டம் வகுப்போரும், 'விசர்' என்ற சொல்லை நாள்தோறும் பயன்படுத்தும் நாமும் அவ்விடைக்குப் பொறுப்புடையோம்.